மார்மலேடு சுற்றி வந்த சாயங்காலம்

எப்சி கொடுத்தனுப்பிய பாட்டிலை
இரண்டே நாளில் பிள்ளைகள் நக்கித் தீர்த்தார்கள்,
கைக்குது கைக்குது என்று சொல்லிக்கொண்டே.
சுற்றியிருந்த தாளை மட்டும் நான் எடுத்து
உள்ளங்கையால் நீவி
வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.
லீட்ஸ் பத்திரிகை. 1973 நவம்பர். ஒரு வியாழக்கிழமை.
இன்று மாலை டெலிவிஷனில்.

டெலிவிஷன் நான் கண்டதில்லை.
கடையாலுமூட்டில் எவனும் கண்டதில்லை.
உபதேசியார் சத்தியநேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
வரிவரியாகச் சொன்னார்:
ஆறு மணிக்குச் செய்தி.
அப்புறம் என்னமோ, மார்மலேடு ஒட்டிப் போச்சு.
ஏழரைக்குக் கேள்வி கேட்பார்கள்,
சரியாகச் சொன்னவனுக்கு ஒரு பிரிட்ஜ்.
எட்டுக்குச் சிரிப்பு நாடகம்.
எட்டரைக்கு பென்குவின்.
"அது என்னதுவே?"
"பறக்காத தாரா."
ஒன்பதுக்கு மறுபடியும் செய்தி.
ஒன்பதரைக்கு ஒரு கொலை.
பத்தேகாலுக்கு மல்யுத்தம். பதினொன்றுக்கு வாத்தியம்.
பாதிராவுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்
ஒரு பாதிரியார் ஜெபம் பண்ணுவார்.
பிறகு ராணிக்கு ஒரு பாட்டு, அடைப்பு.

அவளுக்கும் எனக்கும் ஐந்தரை மணிக்கூர் தூரம்.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
ரப்பர் மேட்டில் நான் ஏறும்போது
அங்கே கொலை தொடங்கும்.
முதல் மரத்தில் கத்தி வைப்பேன்,
யாரோ கதவைத் தட்டுவார்கள்.
நாற்பதாவது மரத்தில்
துப்பறிகிறவன் தொப்பியைக் கழற்றுவான்.
எண்பதில் ஆள் பிடிபட வேண்டும்.
தினம் ஒரு குற்றவாளி வைத்திருந்தேன்.
ஒரு நாள் எஸ்டேட் கணக்கன்.
ஒரு நாள் அந்தப் பாதிரியார்.
ஒரு நாள், மழை தூறினதால், நானே.

மூன்றேமுக்காலுக்கு மல்யுத்தம்.
அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே
கீழே விழுந்தவனுக்கு ஒன்று, இரண்டு எண்ணுவேன்.
நாலரைக்கு வாத்தியம்.
அதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டாம்.
மேடு முழுக்கச் சிரட்டைகளில்
பால் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஹாஸ்டல் ஹாலில் எப்சி
கால் நீட்டி உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கிறாள்.
பென்குவினுக்குச் சிரிக்கிறாள்.
கொலைக்குக் கண்ணைப் பொத்துகிறாள்.
ஐந்தரைக்கு அவர்கள் பெட்டியை அணைப்பார்கள்.
அணைத்தால் படமெல்லாம் சுருங்கி
நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்குமாம்,
உபதேசியார் எங்கோ வாசித்திருக்கிறார்.
கடைசி மரத்தைக் கீறிவிட்டு
முதல் சொட்டு விழும்வரை
நானும் நிற்பேன்.

தை பிறந்து நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது.
நேசையன் அத்தானுக்கு.
இங்கே நிலக்கரிக்குத் தட்டுப்பாடு.
கரண்டு மிச்சம் பிடிக்க
பத்தரைக்கே டெலிவிஷனை நிறுத்தச் சொல்லிவிட்டது சர்க்கார்.
கடைகளில் மெழுகுதிரி கிடைக்கவில்லை.
எனக்கென்ன, வந்த நாள் முதல் நைட் டூட்டிதானே.
அந்த ஹாலுக்குள் போனதே நாலு தடவையோ ஐந்தோ.
பிள்ளைகளுக்கு மார்மலேடு பிடித்ததா?

கணக்குப் போட்டேன்.
பத்தரை என்றால் இங்கே நாலு மணி.
கால் மணிக்கூரில் மல்யுத்தம் அறுந்திருக்கிறது.
எத்தனை வாரமாக
இல்லாத வாத்தியத்துக்கு மரம் வெட்டியிருக்கிறேன்!
பாதிரியார் யாருக்கும் ஜெபிக்கவில்லை.
ராணி பாட்டில்லாமல் தூங்கப் போயிருக்கிறாள்.

மறுநாள் நாலு மணிக்குக் கத்தி நின்றுவிட்டது.
விழுந்தவன் அப்படியே கிடந்தான்.
எண்ணினேன், ஆறு, ஏழு.
அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை.
பட்டை ஈரமாயிருந்தது.
கட்டில் கட்டிலாக டார்ச்சோடு
ஒருத்தி நடந்து போனாள்.
யாரோ தண்ணீர் கேட்டார்கள்.
இதை எந்தத் தாளிலும் போடவில்லை.
நூற்றிருபதாவது மரத்திலிருந்து
விடியும்வரை அதுதான் ஓடியது.

பதில் எழுதினேன்.
எல்லாரும் சுகம். கறுத்த ஆடு இரண்டு குட்டி போட்டது.
மார்மலேடு கைப்பு, ஆனாலும் தீர்ந்துவிட்டது.
அடுத்த தடவை எதை அனுப்பினாலும்
சனிக்கிழமைத் தாளில் சுற்று.